அன்னம்மாள் தண்ணீர்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அந்த நாற்காலியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மழை விடுகிற வரைக்கும் ஒரு கதை சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற கதை மாதிரி இல்லை, இது பெரியவர்களுக்கான கதை. குரலைத் தாழ்த்தித்தான் சொல்ல வேண்டும். உள்ளறையில் என் மகள் நடாஷா படுத்திருக்கிறாள். கரண்டி விழுந்தாலும் திடுக்கிட்டு எழுந்துவிடுவாள்.

லேப்டாப்புக்குத் தண்ணீர் ஆகாது என்பதை நான் அறுபத்தெட்டாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னால் எனக்கு அதை மூடத் தெரியும், தூசி தட்டத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு லேப்டாப் சாம்பல் நிறம். என் வீட்டுக்காரர் பீட்டர் இறந்த வருடம் வாங்கியது. நோய்த்தொற்றுக் காலம், எல்லைகளை மூடியிருந்தார்கள். மூத்தவன் கிளிஃபர்ட் பெர்த்தில் இருந்தான். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவனுக்கு அப்போதே எட்டு வருடம் ஆகியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதன்மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். வெயில் படாமல் நடாஷா குடை பிடித்தாள். முதல் பிடி மண்ணை நான் போட்டேன். அடுத்தது மகன் போட வேண்டியது. திரும்பிப் பார்த்தால் திரை உறைந்துபோயிருந்தது. என் பிள்ளை பாதி திறந்த வாயோடு அப்படியே நின்றான். அவனுக்குப் பதிலாகக் குழிவெட்டுகிற பங்களாதேஷ் பையன் மண்ணைத் தள்ளினான்.

அன்றைக்கு வந்த பயம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. என் குழிக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி, இரண்டு திரை, மண் போட ஒரு கை இல்லை. கண்ணை மூடினால் இதுதான் தெரிந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் நியாயமாகவே தெரியும்.

நடாஷாவுக்கு முப்பத்தொன்று. பாயான் பாரு பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இன்ஜினியர். ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடியில் நானும் அவளும் மட்டும். போன வருடம் ஜூலையில் ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"அம்மா, அயர்லாந்துல ஒரு கம்பெனி என்னைக் கூப்பிட்டிருக்கு. மூணு இன்டர்வியூ. எல்லாம் ஆன்லைன் லா, சாயங்காலம் நாலு மணிக்கு."

"எத்தனை வருஷம்?" என்றேன்.

"முதல்ல ரெண்டு வருஷம்தான்."

கிளிஃபர்டும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதையேதான் சொன்னான். நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

ஆபீஸ் லேப்டாப்பில் வேறு கம்பெனி இன்டர்வியூ செய்யக்கூடாதாம். அதனால் வீட்டு லேப்டாப்பைத் துடைத்து எடுத்து வைத்தாள். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழா முடிந்த வாரம் அது. ஊற்றுத் தண்ணீர் இரண்டு பாட்டில் பிடித்து வந்திருந்தேன். அந்தத் தண்ணீரை எங்கள் ஆட்கள் எதற்கும் தெளிப்போம்: புதுக் கார், பரீட்சை எழுதும் பேனா, காய்ச்சல் கண்ட பிள்ளை. இன்டர்வியூ அன்று மத்தியானம் நானும் லேப்டாப்மேல் சிலுவை போட்டுத் தெளித்தேன். அந்த முதல் தடவை நிஜமாகவே ஆசீர்வாதம்தான். நம்புங்கள். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது.

பத்தாவது நிமிடம் திரை நீலமாகி அணைந்தது. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. அயர்லாந்துக்காரர்கள் நல்லவர்கள், வேறு தேதி தருகிறோம் என்று எழுதிவிட்டார்கள். ஆனால் அன்று சாயங்காலம் நடாஷா வந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு அவள் அப்படிப் படுத்ததே இல்லை. அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் அந்தப் பயம் இல்லை. அந்தக் கல்லறை நாளுக்குப் பிறகு அது விலகியது அன்றுதான்.

மறுநாள் லேப்டாப் காய்ந்து நன்றாக ஓடியது; தள்ளிப்போன முதல் இன்டர்வியூவும் அதிலேயே நடந்து முடிந்தது.

பீட்டர் துறைமுகத்தில் கிரேன் வயரிங் வேலை பார்த்தவர். அவர் ஒரு பேச்சுச் சொல்வார்: "நல்ல தண்ணி காஞ்சிரும் ரோஸ். உப்புத் தண்ணி அப்படி இல்ல, உள்ளேயே குடியிருந்து தின்னும்." கடல்காற்றில் கெட்டுப்போன கம்பிகளைக் கொண்டுவந்து காட்டுவார், பச்சை பூத்திருக்கும். எனக்கு அது ஞாபகம் வந்தது. அன்னம்மாள் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைக் கலக்கிக் குலுக்கினேன். மந்திரித்த உப்பையும் தண்ணீரில் கலப்பது எங்கள் வழக்கத்தில் உண்டுதான். அதனால் புதிதாக எதையும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதன் பிறகு லேப்டாப் வாரத்துக்கு மூன்று நாள் அணைந்தது. இரண்டாவது இன்டர்வியூவிலும் இருபது நிமிடத்தில் அணைந்தது. அதற்குள் பாதிக்கு மேல் கேட்டுவிட்டார்கள், பெண் கெட்டிக்காரி என்று கடைசிச் சுற்றுக்குத் தேர்வு செய்துவிட்டார்கள்.

நடாஷா கைவிடவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, அணைந்த நாள், மணி, அப்போது என்ன ஓடியது என்று எல்லாம் எழுதினாள். "ஒரு தடவைக்கு ஒரு சாமானைத்தான் மாத்திப் பாக்கணும்மா. அப்பத்தான் எது காரணம்னு தெரியும்" என்றாள். சார்ஜரை மாற்றினாள். அடியில் காற்றாடி வாங்கி வைத்தாள். உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினாள். ஒவ்வொன்றையும் பார்த்து முடித்து, அது காரணமில்லை என்று குறுக்கே கோடு போட்டாள். அந்தப் பட்டியலில் என் பெயர் இல்லை.

ஒரு நாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறேன், நோட்டோடு வந்து நின்றாள்.

"அம்மா, ஒன்னு கவனிச்சியா? நீ ரமணி அக்கா வீட்டுக்குப் போயிருந்த மூணு நாளும் இது ஒரு தடவைகூட அணையல."

என் கை நின்றது. துருவியில் என் விரல் பட்டு ரத்தம் வந்ததைக்கூட அப்புறம்தான் பார்த்தேன்.

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மெர்டேக்கா லீவு அது. அவனும் லீவுல இருந்திருப்பான்."

அவன் என்றால் கோகிலன். நடாஷா இரண்டு வருடம் பழகிவிட்டு வேண்டாம் என்று விலகிய பையன். விலகின பிறகு ஒரே நாளில் நாற்பது மெசேஜ் அனுப்பினான். மூன்று சாயங்காலம் எங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்று ஒன்பதாவது மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். போலீஸில் புகார் கொடுத்த பிறகு மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டான். மூன்று வருடமாக அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனால் பயந்தவளுக்கு மூன்று வருடம் என்ன பெரிய காலம்? அவன் கம்ப்யூட்டர் படித்தவன், எங்கிருந்தோ உள்ளே நுழைந்து தான் போவதைத் தடுக்கிறான் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

கோகிலனின் அம்மாவைப் பாசாரில் மீன் கடையில் நான் பார்த்திருந்தேன். மகனுக்குக் கல்யாணமாகி, ஐந்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது என்று போனில் படம் காட்டினார். இதை நடாஷாவிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, "நேத்து துணி எடுக்கும்போது கீழே யாரோ நின்ன மாதிரி இருந்துச்சு. என் கண்ணுதான் சரியில்லையோ என்னமோ" என்றேன். ஒரு பேச்சுதான்.

அன்று அவள் லேப்டாப் கேமராவின்மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை ஒட்டினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வேலை முடிந்து லிஃப்டில் ஏறும்போது என்னைப் போனில் கூப்பிட்டு, கதவருகே வரும்வரை பேசிக்கொண்டே வருவாள். "அம்மா, பேசிக்கிட்டே இரு, எதையாவது பேசு" என்பாள். நான் அவளுக்குச் சின்னக் கதைகள் சொல்வேன். எவ்வளவு நெருக்கமான நாட்கள் அவை.

மூன்றாவது, கடைசி இன்டர்வியூவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, லேப்டாப்பைக் கொம்தார் கட்டடத்தில் முகம்மது கனியின் ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனோம். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிற மனுஷர். எங்கள் முன்னாலேயே அடிமூடியைக் கழற்றினார். விளக்கை இழுத்துப் பிடித்தார். உள்ளே பச்சை பூத்திருந்தது. பீட்டர் காட்டிய அதே பச்சை.

"தங்கச்சி," என்றார், "இதுக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாரு?"

நடாஷாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா... அன்னம்மாள் தண்ணியா?"

நான் தலைகுனிந்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கடை மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்ப அவன் இல்ல. அவன் இல்லம்மா. நீதானா? ஐயோ, நான் நோட்டுப் புத்தகத்துல ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கேன்." என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நீ செபம் பண்ணு, வேணாங்கல. கொஞ்சம் தள்ளி நின்னு பண்ணு லா."

"அல்லாஹ் காப்பாத்துவான், ஆனா வாரண்டி காப்பாத்தாது" என்றார் கனி. அவள் இன்னும் சிரித்தாள்.

நீங்கள் இதைக் கேட்டு, நல்லவேளை என்று நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயம் விட்டுப்போன முகத்தை அன்று பார்த்தேன். பறக்கிறவளின் முகம் அது.

நடாஷா தோழி அதிராவுக்கு போன் பேச வெளியே போனாள். கனி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். ஒரு சின்னத் தூரிகையால் பச்சைக்கு ஓரமாக இருந்த வெள்ளைத் தூளைச் சுரண்டி ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி என் பக்கம் நகர்த்தினார்.

"அக்கா, அன்னம்மாள் தண்ணி நானும் குடிச்சிருக்கேன். என் கூட்டாளி வருஷா வருஷம் கொண்டுவந்து குடுப்பான். அதுல உப்பு இருக்காது."

"மந்திரிச்ச உப்பு, தம்பி" என்றேன்.

"எத்தனை கரண்டி?"

கைப்பையை இழுத்து மூடினேன்.

"இது ஒரு நாள் தெளிச்சது இல்ல. அடுக்கடுக்கா இருக்கு. நான் ரிப்பேர்க்காரன், போலீஸ் இல்ல. அந்தப் புள்ளை எவனையோ நெனச்சுப் பயந்துகிட்டு இருந்திருக்கு, எனக்கு இப்பத்தான் புரியுது." தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீங்களே சொல்லிருங்க அக்கா. அடுத்த வாரம் போன் போட்டுக் கேப்பேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

நடாஷா திரும்பி வந்தாள். "அதிரா அவ லேப்டாப்பைக் குடுக்கிறேங்கிறா. புதுசு" என்றாள். கனி இரண்டு பேரையும் பார்த்து, "புதுசை ஜாக்கிரதையா வச்சுக்குங்க" என்றார்.

அந்த எட்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் கனிதானோ என்று முந்திப்போய் எடுப்பேன். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் அயர்லாந்து. அதிராவின் லேப்டாப் எங்கள் மேசைமேல் பளபளவென்று இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் விடவில்லை. அது அடுத்தவர் பொருள். அடுத்தவர் பொருளைக் கெடுப்பது பாவம். அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி உண்டு.

இன்டர்வியூ அன்று இதே மாதிரி மழை. மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது, நடாஷா அறை விளக்கைப் போட்டிருந்தாள். அவர்களுக்குக் காட்ட வேண்டிய பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். எனக்கு லேப்டாப்பில் எழுத்துத் தட்டத் தெரியாது என்று இந்த வீட்டில் எல்லாருக்கும் நினைப்பு. எனக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறவள்.

சான்றிதழ்கள் வைக்கிற பிஸ்கட் டின்னில் அந்தப் பழைய போலீஸ் புகாரின் நகல் இருந்தது. கோகிலன் அனுப்பிய மெசேஜுகளை அதில் வரிசையாக அச்சடித்திருந்தார்கள். நம் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி, ஆங்கில எழுத்தில் தமிழ். அதில் ஒரு வரி, அவன் கீழே நின்றபோது அனுப்பியது: 'உன் ரூம் லைட் எரியுது.' அதை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினேன். பத்தொன்பது எழுத்து. ஏழு நிமிடம் ஆனது. அவளுடைய மூன்றாவது பக்கத்தின் நடுவில் அந்த வரி நின்றது. நகலை டின்னில் வைத்துவிட்டு, அவளுக்கு மைலோ கலக்கப் போனேன்.

தலையில் துண்டோடு வந்து உட்கார்ந்து பக்கங்களைத் தள்ளிப் பார்த்தாள். அவள் கத்தவில்லை. நாற்காலியோடு பின்னால் போனாள், சுவர் இடிக்கிற வரைக்கும். பிறகு கையை நீட்டி விளக்கை அணைத்தாள். மேசைக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "அம்மா, இது அதிரா லேப்டாப்மா. இதுலயும் வந்துட்டான். அம்மா, அவன் இங்க இருக்கான்" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் பல் கிட்டிப்போயிருந்தது. என் புடவையை அவள் பிடித்த பிடியில் துணி கிழிந்தது.

நாலு மணிக்கு லேப்டாப் பாட்டுப் பாடி அழைத்தது. நின்றது. மறுபடி அழைத்தது. மூன்றாவது தடவை நான் எழுந்து மூடிவைத்தேன்.

இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. ஜன்னலைத் திறப்பதில்லை. குளியலறைக் கதவைக்கூடச் சாத்துவதில்லை, நான் வாசலில் நிற்க வேண்டும். போனைப் பார்க்கவே மாட்டேன் என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். கனி அழைத்தபோது நான்தான் எடுத்தேன். "எல்லாத்தையும் சொல்லிட்டேன் தம்பி, அழுதா, மன்னிச்சுட்டா" என்றேன். "நல்லது அக்கா, மனசுக்கு நிம்மதி" என்றார். நல்ல மனுஷர். நாங்கள் மறுபடி கொடுத்த புகாரில், ஜொகூரில் கோகிலனைப் போலீஸ் இரண்டு நாள் வைத்து விசாரித்ததாம். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவன் அம்மா மீன் கடையில் அழுதார். அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னேன். அவன் அன்று செய்ததற்கு இது சரியாகிவிட்டது.

ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் சொல்லவில்லை. பாவம் என்றால்தானே சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்வதில் எனக்குப் பயமும் இல்லை. ரோசலின் சொன்னாள் என்று நீங்கள் வெளியே சொன்னால், அவள் நன்றாகக் கதை சொல்வாளே என்பார்கள்.

கேட்டீர்களா, அவள் விழித்துவிட்டாள். "அம்மா, கதவைப் பூட்டினியா?" என்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கேட்பாள். பூட்டிட்டேன் கண்ணு, சாவி என் இடுப்பில்தான் இருக்கு. பாருங்கள், என் குரல் கேட்டதும் அமைதியாகிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்குப் பயமே இல்லை.

இன்னொரு சந்தோஷமும் இருக்கிறது. தங்கச்சி இப்படி இருக்கிறாள் என்று தெரிந்து கிளிஃபர்ட் டிக்கெட் எடுத்துவிட்டான். பன்னிரண்டு வருடம் கழித்து அடுத்த மாதம் வருகிறான். ஒரு மாதம் இருப்பானாம், தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து இங்கிருந்தே வேலை பார்ப்பானாம். இந்த மேசையில்தான் வைப்பான். மகன் பொருள் அடுத்தவர் பொருள் ஆகுமா? பாட்டிலில் இன்னும் பாதித் தண்ணீர் இருக்கிறது.

மழை விட்டுவிட்டது, பூட்டைத் திறந்துவிடுகிறேன், கிளம்புங்கள். மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போங்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் உங்கள் கண் பார்க்கிற தூரத்திலேயே வாழட்டும். தூர தேசத்துச் சத்தம் எதுவும் உங்கள் வாசலில் கேட்காதிருக்கட்டும். நீங்கள் கண்ணை மூடுகிற நாளில், உங்கள்மேல் மண் போட உங்கள் வீட்டுக் கைகள் எல்லாம், ஒன்றுகூடக் குறையாமல், வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.